சங்கத்தின் கோப்பும் பகுதி சபையின் நாற்காலிகளும்

சென்னையின் தெற்குப் புறநகரில் குடியிருப்போர் நலச் சங்கம் இல்லாத நகர் ஒன்றைக் காண்பது அரிது. ஏரிப் பாசனத்தில் இருந்த வயல்கள் மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்குச் சாலை இல்லை, தெருவிளக்கு இல்லை, குடிநீர் இணைப்பும் இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கிராவல் அடித்தார்கள். மின்கம்பம் நடுவதற்காக மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்கள். பொதுவில் ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டு, தெருவாரியாக முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டார்கள். அந்த வசூல் நோட்டுதான் பல சங்கங்களின் முதல் பதிவேடு. பிறகு 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் கையெழுத்திட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். நகரின் நுழைவாயிலில் பதிவு எண்ணுடன் ஒரு பலகை வந்தது.

எங்கள் சங்கத்தின் கதையும் இதுவே. அதன் செயற்குழுவில் நானும் இருக்கிறேன். பொங்கலுக்குக் கோலப் போட்டி, ஆகஸ்டு 15இல் கொடியேற்றம், ஆண்டுக்கு ஒரு கண் பரிசோதனை முகாம் என்று எல்லாச் சங்கங்களும் செய்வதை நாங்களும் செய்கிறோம். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சங்கம் தன் பகுதிக்கு உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது என்பதைக் கோலப் போட்டிக்கு வந்த கூட்டத்தைக் கொண்டு அளக்க முடியாது. அதன் அலமாரியில் இருக்கும் கோப்புகளைக் கொண்டுதான் அளக்க முடியும். அந்தக் கோப்புகள் சங்க அலமாரியோடு நின்றுவிடாமல், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் எல்லாரும் கூடும், வீடு சொந்தமாக இல்லாதவர்களும் உட்காரக்கூடிய பகுதி சபைக்குப் போகவேண்டும் என்பதும் என் கருத்து. இந்த இரண்டாவது கருத்தை எங்கள் செயற்குழுவிலேயே எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

முதலில் கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். புறநகரில் ஒரு தெருவில் தண்ணீர் தேங்கினால் அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. உட்புறத் தெரு உள்ளாட்சிக்குச் சொந்தம், அது சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், சாலைக்கு அடியில் தண்ணீர் கடந்து போகும் சிறுபாலம், அதாவது கல்வெர்ட், யாருக்குச் சொந்தம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு, தண்ணீர் போய்ச்சேர வேண்டிய ஏரி நீர்வளத் துறையின் கையிலோ உள்ளாட்சியின் கையிலோ இருக்கும், ஏரிக்குப் போகும் கால்வாயின் எல்லையைச் சொல்லவேண்டியவர் வருவாய்த் துறையின் நில அளவர். இந்த ஐந்து மேசைகளில் எந்த மேசைக்கு முதலில் போவது என்று தெரியாமல், வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, ‘உடனடி நடவடிக்கை தேவை’ என்று எழுதிவிட்டு, கட்டை விரல் சின்னங்களை எண்ணிக்கொண்டிருக்கும் சங்கங்கள் பல. வாட்ஸ்அப் குழு ஆள் திரட்டுவதற்கு நல்லது. அதையே ஒரு மனுவாக எடுத்துக்கொள்ளும் அலுவலகம் எதுவும் இல்லை.

தொலைபேசிப் புகார்களும் அப்படித்தான். சென்னை மாநகராட்சிக்கு 1913, மின்சாரத்துக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்று எண்கள் இருக்கின்றன. அவை பயனற்றவை என்று நான் சொல்லமாட்டேன். இரவு பத்து மணிக்கு அறுந்து விழுந்த மின்கம்பியைப் பற்றிச் சொல்வதற்கு அதைவிட விரைவான வழி கிடையாது. ஆனால் நாள்பட்ட சிக்கல்களில், புகார் கொடுத்த சில நாட்களிலேயே ‘தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. குழி மட்டும் அப்படியே இருக்கிறது. அப்போது நம் கையில் இருக்கவேண்டியது கோபம் அல்ல. புகார் எண், கொடுத்த தேதி, முடித்ததாகச் சொன்ன தேதி, அந்தத் தேதிக்குப் பிறகு எடுத்த புகைப்படம், இவற்றை இணைத்து அடுத்த நிலை அதிகாரிக்கு ஒப்புகையுடன் அனுப்பிய கடிதம் ஆகியவைதான். எங்கள் சங்கத்தில் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் இந்த வேலையை எடுத்துக்கொண்ட பிறகுதான், அலுவலகத்தில் எங்களை உட்காரச் சொல்லத் தொடங்கினார்கள். அதற்கு முன் நின்றுகொண்டேதான் பேசுவோம்.

கோப்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் மழைநீர் வடிகாலையே சொல்லலாம். புறநகரில் மழைக்காலச் சிக்கலில் பாதி, சாலை போடும் முறையிலிருந்து வருகிறது. பழைய தார்ச் சாலையின் மேலேயே புதிய அடுக்கைப் போட்டுக்கொண்டே போனால், சில ஆண்டுகளில் சாலை வீட்டு வாசற்படிக்கு மேலே வந்துவிடும். தெருத் தண்ணீர் வீட்டுக்குள் இறங்கும். பழைய வீடுகளில் படி இறங்கி உள்ளே போகவேண்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டும்போது அந்த வீடுகள் தெருவுக்கு மூன்று படி மேலே இருந்தவை. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதாவது மில்லிங் செய்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதிய சாலை போடவேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். அந்தச் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டதோடு பல சங்கங்கள் நிறுத்திக்கொண்டன. எங்கள் தெருவுக்குச் சாலை வேலை வந்தபோது நாங்கள் முதலில் கேட்டது, மதிப்பீட்டில் மில்லிங் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதுதான்.

கேட்டவுடன் சொல்லிவிடுவார்களா என்ன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுக் கொடுத்தோம். அந்த மனுவில் ‘ஏன்’ என்று ஒரு கேள்விகூட இல்லாதபடி பார்த்துக்கொண்டோம். ஏன் தாமதம், ஏன் தரமில்லை என்று கேட்டால், அது தகவல் கோரிக்கை ஆகாது என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், செய்த வேலையின் அளவுகளை எழுதிவைக்கும், எம்-புக் என்று அழைக்கப்படும் அளவைப் புத்தகத்தில் இந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அதே அலுவலகத்தில் மேல்நிலையில் உள்ளவரிடம் முதல் மேல்முறையீடு. பலருக்குத் தெரியாத ஒன்று: 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் ‘தகவல் அறியும் உரிமை’ என்பதற்குள், நடக்கும் பணியை நேரில் பார்வையிடுவதும், பயன்படுத்தப்படும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறுவதும் அடங்கும். பிரிவு 2இல் ஆங்கில எழுத்து ‘ஜே’ இட்ட உட்பிரிவு அது. கான்கிரீட் கலவை போடும் இடத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு கடிதத்துடன் நான்கு பேர் நிற்பதற்கும், வெறுமனே நான்கு பேர் நின்று சத்தம் போடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

அப்படிக் கிடைத்த வரைபடத்தில் வடிகால் கிழக்கு நோக்கி ஓடியது. தெருவில் தண்ணீர் மேற்கு நோக்கி நின்றது. இதைப் பற்றித் தெருமுனையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “தண்ணி அந்தப் பக்கம் போகாது சார். கல்வெர்ட்டு வரைக்கும் போய்ட்டு இங்கதான் திரும்பி வரும். போன மழையில என் வண்டிச் சக்கரம் முழுகிடுச்சு. என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்ல, நாள் பூரா இங்கதான நிக்கிறேன்.” அவர் சொன்னதை ஒரு கொத்தனாரை வைத்துச் சோதித்தோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீண்ட பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வடிகாலின் தொடக்கத்திலும் மறுமுனையை கல்வெர்ட் வாயிலும் பிடித்துச் சாக்கட்டியால் கோடு போட்டபோது, கல்வெர்ட்டின் அடித்தளம் வடிகாலின் அடித்தளத்தைவிட ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் இருப்பது தெரிந்தது. வாட்டம் தலைகீழாக இருந்தது. எந்த வடிகாலையும் எத்தனை முறை தூர்வாரினாலும் அந்த ஒரு சாண் உயரத்தைத் தண்ணீர் ஏறிப் போகாது.

இந்த அளவை, புகைப்படத்துடனும் எம்-புக் நகலுடனும் சேர்த்துக் கொடுத்த பிறகு, உதவிப் பொறியாளர் நேரில் வந்து தம் கருவியால் மீண்டும் அளந்தார். அவர் நல்ல மனிதர். அதற்கு முன் எங்கள் புகார்களைப் படித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான். ஒரு உதவிப் பொறியாளரின் தலையில் எத்தனை தெருக்கள், எத்தனை விளக்குகள், எத்தனை பார்வையிடல்கள் இருக்கின்றன என்று பார்த்தால், அளவும் ஆவணமும் கொண்ட ஒரு புகாருக்கு ஏன் முன்னுரிமை கிடைக்கிறது என்பது புரியும்.

இங்கே ஒரு விலகல். நம் ஊர்ப் பொதுநலக் குழுக்களுக்கு இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, நாமே இறங்கிச் செய்வது. 1989இல் எம். பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற பொதுநல அமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தெருவாசிகள் சேர்ந்து பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியுடன் ஓர் இளைஞரை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை வாங்கச் செய்தார்கள். வீட்டு வாசலில் குப்பை வாங்குவது உள்ளாட்சியின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள் சொல்வதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அது இங்கே தெருக்களில் நடந்தது. மற்றொரு மரபு, செய்யவேண்டியவர்களைச் செய்யவைப்பது. கோப்பு இந்த மரபைச் சேர்ந்தது. இரண்டும் சேரும்போதுதான் பெரிய வேலை நடக்கிறது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தபோது, சிட்லபாக்கம் ஏரியில் மக்கள் தாங்களே இறங்கிக் குப்பையையும் ஆகாயத்தாமரையையும் அகற்றினார்கள். அந்தப் பகுதிவாசிகள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக ஏரிக்காக மனுக்களும் படங்களுமாக அலைந்துகொண்டிருந்தவர்கள். பிறகு அந்த ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. மண்வெட்டியோடு நின்ற படத்தைத்தான் நாளேடுகள் போட்டன. மனுக்களைப் படம் எடுக்க முடியாது.

நாமே செய்வது என்பதற்கு அரசிலேயே ஒரு திட்டம் உண்டு. நமக்கு நாமே திட்டத்தில், மக்கள் தரப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு பணம் கட்டினால், மீதியை அரசு போட்டுப் பூங்காவோ கட்டடமோ சாலையோ அமைத்துக்கொடுக்கும். எங்கள் பூங்காவின் சுற்றுச்சுவரை இதில் கட்டலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் தயக்கம். பணம் கட்டக்கூடிய நகருக்குப் பொதுப்பணம் முதலில் வந்து சேரும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள குடியிருப்புக்கு யார் மூன்றில் ஒரு பங்கு கட்டுவார்கள்? பூங்கா இடத்துக்கான தானப் பத்திரத்தின் நகலைத் தேடி எடுத்து, அந்த இடம் உள்ளாட்சியின் பெயரில் இருப்பதை உறுதிப்படுத்துவதுதான் முதல் வேலை என்று சொன்னேன். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். எழுதிக்கொடுக்காமலேயே விட்ட நிலங்களும், எழுதிக்கொடுத்த பிறகு பக்கத்து மனைக்காரர் வேலி போட்ட நிலங்களும் புறநகரில் ஏராளம். சுவர் அடுத்த ஆண்டுகூடக் கட்டிக்கொள்ளலாம்; நிலம் போனால் வராது.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். அந்த இஸ்திரிக்கார அம்மாவிடம் யாரும் ஏன் கேட்கவில்லை? அவர் சங்க உறுப்பினர் அல்லர், உறுப்பினராகவும் முடியாது. எங்கள் துணை விதிகளின்படி, நகரின் எல்லைக்குள் மனையோ வீடோ சொந்தமாக வைத்திருப்பவர் மட்டுமே உறுப்பினர். வாடகைக்கு இருப்பவர் இருபது ஆண்டுகள் இங்கேயே இருந்தாலும் கூட்டத்தில் பின்வரிசையில் உட்காரலாம், வாக்களிக்க முடியாது; அமெரிக்காவில் இருந்துகொண்டு காலி மனையில் முள்செடி வளர்ப்பவருக்கு வாக்கு உண்டு. அதிகாரிகளுக்கு எழுதும் கடிதங்களில் மட்டும் ‘இப்பகுதிப் பொதுமக்கள் சார்பாக’ என்று எழுதுகிறோம். எங்கள் சங்கம் மட்டும் இப்படி இல்லை. நான் பார்த்த பெரும்பாலான சங்கங்களின் விதிகள் இப்படித்தான் இருக்கின்றன, ஏனென்றால் அவை ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்தவை.

இதனால் எந்தச் சிக்கல் சங்கத்தின் சிக்கலாகிறது, எது ஆகாமல் போகிறது என்பதும் முன்பே முடிவாகிவிடுகிறது. 2022இல் சொத்துவரி கூடியபோது எல்லாச் சங்கங்களும் கூட்டம் போட்டன. குறைந்தது 25 விழுக்காடு தொடங்கி, பெரிய வீடுகளுக்கு 150 விழுக்காடு வரை உயர்வு என்பதால் அது இயல்புதான். அதே தெருவில் வாடகை வீட்டுக்கு ஒரே குழாயில் மூன்று குடும்பங்கள் தண்ணீர் பிடிப்பது ஒரு கூட்டத்திலும் பொருளாக வந்ததில்லை. எங்கள் செயற்குழுவிலும் ஒருமுறை, தெருமுனைத் தள்ளுவண்டிகளால் போக்குவரத்துக்கு இடைஞ்சல், அவற்றை அகற்றச் சொல்லிக் கடிதம் எழுதவேண்டும் என்று ஒருவர் எழுந்தார். “சார், நம்ம தெருவுல கார் எல்லாம் எங்க நிக்குது? வீட்டுக்குள்ளயா நிக்குது?” என்று ஓர் உறுப்பினரின் மனைவி கேட்ட பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, வண்டிகள் எங்கே நிற்கலாம் என்பதில் கருத்துச் சொல்ல நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கவேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே இருக்கவேண்டும், குடியிருப்போர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. வண்டிக்காரரோடு எதிரெதிரே உட்கார்ந்து பேசவேண்டிய ஒன்றை, அவர் இல்லாத அறையில் கடிதமாக எழுதி முடித்துவிட முயல்கிறோம்.

சங்கத்தின் எல்லைக்கும் சிக்கலின் எல்லைக்கும் பொருத்தம் இல்லை என்பதைத் தண்ணீரைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. இந்தப் பக்கத்து ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. செம்பாக்கம் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேரவேண்டும். மேலே இருக்கும் நகர் தன் தெருவில் தண்ணீர் நிற்கக்கூடாது என்று பெரிய வடிகால் வாங்கிக்கொண்டால், அந்தத் தண்ணீர் கீழே இருப்பவரின் கூடத்துக்குப் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாட்கணக்கில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்புநிலம், தென்சென்னையின் மழைநீரையெல்லாம் வாங்கிக்கொள்ளும் கடைசி இடம். அதன் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் மாறிப்போனதற்கு எந்த ஒரு நகரின் சங்கமும் பொறுப்பல்ல. எந்த ஒரு நகரின் சங்கமும் தனியாக அதைச் சரிசெய்யவும் முடியாது.

ஆகவேதான் பகுதி சபை. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கவேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2010இல் சட்டத்தில் இடம் செய்யப்பட்டது. விதிகள் 2022 ஜூனில்தான் வந்தன. இடையில் 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் நிருவாகம் நடத்தினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, அதே ஆண்டு நவம்பர் 1இல், உள்ளாட்சி தினத்தன்று, முதல் முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் கூடின, முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பம்மலில் ஒரு கூட்டத்தில் கலந்துகொண்டார். வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் வாக்காளர்கள் எல்லாரும் அதன் சபையில் இடம்பெறுவார்கள் என்பதே ஏற்பாடு. வீடு சொந்தமா, வாடகையா, வண்டியா என்று அங்கே கேட்பதில்லை.

குறைகள் நிறைய. பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, உள்ளாட்சி மன்றம் நியமிக்கிறது. அதனால் பல இடங்களில் கவுன்சிலருக்கு வேண்டியவர்களே அந்த இடத்தில் இருக்கிறார்கள் என்ற புகார் தொடக்கம் முதலே உண்டு. வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு வாக்கு இன்னும் சொந்த ஊரில் இருப்பதால், சட்டப்படி அவர்கள் சபை உறுப்பினரும் அல்லர். எங்கள் பகுதியில் நடந்த கூட்டம் ஒன்றில், அறிவிப்பு முந்தின நாள் மாலைதான் வந்தது. பொருள் நிரல் கிடையாது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முதலில் பேசியவர்கள் கட்சிக்காரர்கள். பிறகு ஆளாளுக்குத் தம் வீட்டு வாசல் விளக்கைப் பற்றிப் பேசினார்கள். பேசியது எதுவும் தீர்மானமாக எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. சங்கத்து மூத்தவர் ஒருவர் வெளியே வரும்போது, “இதுக்கு நம்ம சங்கத்துலயே உக்காந்திருக்கலாம் தம்பி” என்றார். அவர் அலுப்பு நியாயமானது. முடிவு நியாயமானதல்ல.

கிராமசபையைப் பாருங்கள். ஆண்டுக்கு ஆறு நாட்கள், குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள் என்று தேதி முன்பே தெரியும். வரவு செலவு வைக்கப்படவேண்டும். தீர்மானம் எழுதப்பட்டுக் கையெழுத்து வாங்கப்படவேண்டும். அந்தத் தீர்மானப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதுக்கடைக்கும் மணல் குவாரிக்கும் எதிராக வழக்காடிய ஊர்கள் உண்டு. புறநகர் ஊராட்சி ஒன்று மாநகராட்சியுடன் இணைக்கப்படும்போது, வரி கூடுவதையும் நூறு நாள் வேலை போவதையும் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஆண்டுக்கு ஆறு முறை கேள்வி கேட்கும் உரிமை போவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பகுதி சபை அந்த இழப்பை ஈடுசெய்யவேண்டிய ஏற்பாடு. அது பலவீனமாக இருப்பதற்கு, கேள்வி கேட்கப் பழகியவர்கள் தங்கள் சங்கத்தின் மூடிய அறையிலேயே இருந்துவிடுவதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சங்கத்துக்குக் கடிதம் எழுதத் தெரியும், எம்-புக் என்றால் என்னவென்று தெரியும், மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம் என்று தெரியும். சபையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பி வருகிறது என்று தெரியும். ஆகவே இந்த ஆண்டு செயற்குழுவில் மூன்று யோசனைகளை வைத்தேன். சங்கத்தின் மனுக்கள், பதில்கள், வரைபடங்கள் எல்லாவற்றின் நகலையும் நகரில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நூலக அறையில் வைப்பது. ஒவ்வொரு பகுதி சபைக்கும் முன்பு எழுத்து வடிவில் பொருள் கொடுத்து ஒப்புகை பெறுவது, கூட்டத்துக்குப் பின் நிகழ்ச்சிக் குறிப்பின் நகல் கேட்பது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்குரிமையுடன் உறுப்பினர் இடம் தரும்படி துணை விதியைத் திருத்துவது. முதல் இரண்டும் எளிதில் நிறைவேறின. மூன்றாவதுக்கு எதிர்ப்பு வந்தது. நாளை அவர்கள் பெரும்பான்மையாகி, சங்கக் கட்டடத்தைப் பற்றியே முடிவெடுத்தால் என்ன செய்வது என்று கேட்டார்கள். சொத்தைப் பற்றிய தீர்மானங்களில் உரிமையாளர்கள் மட்டும் வாக்களிக்கலாம், மற்றவற்றில் எல்லாரும் என்று ஒரு திருத்தம் பேச்சில் இருக்கிறது. அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், பிறகு மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும். ஆண்டுப் பொதுக்குழுவில் வாக்கெடுப்பு.

கல்வெர்ட்டைப் பொறுத்தவரை, அடித்தளத்தை இறக்கிக் கட்டுவதற்கான மதிப்பீடு போய்விட்டதாக உதவிப் பொறியாளர் சொல்கிறார். நெடுஞ்சாலைத் துறையின் தடையின்மைக் கடிதம் வரவேண்டியிருக்கிறதாம். அந்தக் கடிதத்துக்கான கோரிக்கை எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று கேட்டு ஒரு தகவல் மனுவும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலையை முடிக்கக் கோரி அடுத்த பகுதி சபைக்கு ஒரு பொருளும் எழுதியிருக்கிறோம். பொருளின் கீழே கையெழுத்திட்டவர்களில் முதல் பெயர் அந்த இஸ்திரிக்கார அம்மாவுடையது. அவருக்கு வாக்கு இந்த வார்டில்தான் இருக்கிறது.